பிளக்கைக் கழற்றினாலும் பெட்டிக்குள் மின்சாரம் இருக்கும்: ஹைபிரிட் பற்றரியைக் கழற்றிப் பூட்டுவது பற்றி

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரிக்குப் பிறகுதான். இடைப்பட்ட காலம் முழுவதும், ஜப்பானில் யாரோ ஓட்டிவிட்டுக் கொடுத்த ரொயோட்டா ஹைபிரிட்கள், அதாவது எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டும் பிரியஸும் அக்வாவும் அக்சியோ ஹைபிரிட்டும், இங்கே கைமாறிக் கைமாறி ஓடின. இப்போது அவற்றில் பலவற்றுக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. எஞ்சின் நன்றாக இருக்கும், பொடியில் (காரின் உலோகக் கூட்டில்) துரு இருக்காது, டாஷ்போர்டில் மட்டும் எச்சரிக்கை விளக்கு எரியும். ஸ்கேனரைப் போட்டால் பி0ஏ80 என்ற கோட் வரும். ஹைபிரிட் பற்றரியை மாற்று என்று அதற்குப் பொருள்.

புதுப் பற்றரியின் விலையைக் கேட்டவர்கள் திருத்திப் பார்க்கத்தான் நினைப்பார்கள். அதில் தப்பில்லை. ரொயோட்டாவின் நிக்கல் பற்றரி உண்மையிலேயே திருத்தக்கூடிய ஒரு பெட்டிதான். அதனால் இப்போது ஊருக்கு ஊர் பற்றரி திறக்கும் கராஜ்கள் இருக்கின்றன. வீட்டு முற்றத்தில் வைத்தே செய்யலாம் என்று காட்டும் வீடியோக்களும் இருக்கின்றன. அந்த வீடியோக்களில் பெரும்பாலும் ஒரு இடம் வரும்: ஆரஞ்சு நிறப் பிளக்கை இழுத்து எடுத்துக் கமராவுக்குக் காட்டி, "சரி, இனிப் பயமில்லை" என்பார்கள். காரைப் பொறுத்தவரை, கொஞ்சம் காத்திருந்தால் அது சரி. பெட்டியைப் பொறுத்தவரை அது சரியில்லை. இந்த வேலையில் வரும் ஆபத்தில் பெரும்பங்கு அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

2003 முதல் 2009 வரை வந்த இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் 28 மொடியூல்கள், அதாவது தனித்தனிச் சிறு பற்றரிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் 6 செல்கள், ஒரு செல் 1.2 வோல்ட். ஆக ஒரு மொடியூல் 7.2 வோல்ட், மொத்தம் 201.6 வோல்ட். 2009இல் வந்த மூன்றாம் தலைமுறையிலும் இதே கணக்கு. 2011 டிசம்பரில் வெளிவந்த அக்வாவில் 20 மொடியூல்கள், 144 வோல்ட். இவையெல்லாம் பெயரளவுக் கணக்கு. சார்ஜ் நன்றாக ஏறியிருக்கும்போது ஒரு மொடியூலில் 8 வோல்ட் வரை காட்டும். பிரியஸ் பெட்டி முழுவதும் 220 வோல்ட்டை எட்டும். பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டருக்குள் போனதும் அந்த வோல்ட் இன்னும் உயர்கிறது: இரண்டாம் தலைமுறையில் 500 வரை, மூன்றாம் தலைமுறையில் 650 வரை.

நேரோட்ட மின்சாரத்தில் (டி.சி.) 60 வோல்ட்டைத் தாண்டினால் அதை உயர் அழுத்தமாகக் கருத வேண்டும் என்பது ஐ.நா.வின் ஆர்100 வாகன விதி. நனைந்த கையோடு இருக்கும் மனித உடலின் மின்தடையை ஏறத்தாழ ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால், 200 வோல்ட் அதனூடாக 0.2 அம்பியர் ஓட்டும். நெஞ்சுக்கூட்டின் வழியாகப் போனால் இதயத் துடிப்பைக் குலைக்க அதுவே போதும். யாழ்ப்பாணத்து வெயிலில் வேலை செய்கிறவரின் கை எப்போது நனையாமல் இருந்தது?

வீட்டு மின்சாரத்தில் அடிபட்டவர்கள் பலர் பிழைப்பதற்கு மெயின் போர்டில் இருக்கும் டிரிப் சுவிட்சும் ஒரு காரணம். இந்தப் பெட்டியின் இரண்டு முனைகளையும் இரண்டு கையால் தொட்டவரைக் காப்பாற்ற அப்படி எதுவும் கிடையாது.

வரிசைதான் பாதுகாப்பு

கழற்றும் வேலையின் வரிசையை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. காரணம் தெரிந்தவர் படியைத் தாண்டமாட்டார்.

முதலில் காரை ஓஃப் செய்து, சாவியைத் தூர எடுத்துப்போக வேண்டும். ஸ்மார்ட் கீ உங்கள் சட்டைப்பையில் இருந்தால், பக்கத்தில் நிற்கிற பையன் விளையாட்டாகப் பவர் பட்டனை அழுத்தினாலும் கார் விழித்துக்கொள்ளும். அடுத்தது 12 வோல்ட் பற்றரியின் நெகட்டிவ் வயர். பெரிய பற்றரிக்கும் காருக்கும் நடுவே கதவுபோல இருப்பவை சிஸ்டம் மெயின் ரிலேக்கள். அவற்றை மூடிப் பிடித்திருப்பது 12 வோல்ட் மின்சாரம்தான். அதை எடுத்துவிட்டால் ரிலேக்கள் திறந்தபடியே நிற்கும். யார் எதை அழுத்தினாலும் மூடாது. பிரியஸில் இந்த 12 வோல்ட் பற்றரி டிக்கியின் ஓரத்தில் இருக்கிறது, டிக்கிப் பூட்டோ மின்சாரத்தில் திறப்பது. நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுப் பழக்கதோஷத்தில் டிக்கியை அடித்து மூடினால், பின்சீட்டின் மேலாக ஊர்ந்துபோய்த்தான் திறக்க வேண்டியிருக்கும். அக்வாவில் இரண்டு பற்றரிகளுமே பின்சீட்டுக்குக் கீழே.

மூன்றாவதாகக் கையுறை. சமையலறைக் கையுறையோ தோட்ட வேலைக் கையுறையோ இதற்கு உதவாது. 1000 வோல்ட்டுக்கு உரிய கிளாஸ் 0 இறப்பர் கையுறை வேண்டும், அதன் மேல் தோல் கையுறை. இறப்பர் மின்சாரத்தைத் தடுக்கும். தோல் அந்த இறப்பரைத் தகரத்தின் கூர் விளிம்புகளிடமிருந்து காக்கும். போடுவதற்கு முன் கையுறையின் வாயைச் சுருட்டி உள்ளே காற்றை அடைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தாலும் காற்று இறங்கும். அரை நிமிட வேலை, ஆனால் செய்கிறவர்களை அதிகம் காண முடியாது. மோதிரம், கைச்சங்கிலி, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் இப்போதே கழற்றிவிட வேண்டும். ஏன் என்பது பின்னால் வரும்.

அப்புறம்தான் அந்த ஆரஞ்சு நிறப் பிளக், அதாவது சேவிஸ் பிளக். இது மொடியூல் சங்கிலியின் இடையில் செருகியிருக்கும் ஒரு துண்டு. மெயின் பியூஸும் அதோடு சேர்ந்ததே. இழுத்தெடுத்தால் சங்கிலி இரண்டாக அறுகிறது. எடுத்த பிளக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளச் சொல்கின்றன ரொயோட்டாவின் கையேடுகள். மேசையில் வைத்தால், உதவி செய்யும் நல்லெண்ணத்தில் யாராவது எடுத்துச் செருகிவிடக்கூடும். பிளக் இருந்த குழியை மின்காப்பு நாடாவால் மூடிவிட வேண்டும்.

இனி காத்திருப்பு. இன்வேட்டருக்குள் மின்சாரத்தைச் சேமிக்கும் பெரிய கபாசிட்டர் இருக்கிறது. பற்றரியிலிருந்து துண்டித்த பிறகும் அது சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும், உள்ளே இருக்கும் தடை வழியாக மெல்ல மெல்லத்தான் வடியும். இரண்டாம் தலைமுறைக்கு 5 நிமிடம், பிந்திய மொடல்களுக்கு 10 நிமிடம் என்பது கையேடு தரும் கணக்கு. எல்லாவற்றுக்கும் 10 என்று வைத்துக்கொண்டால் நட்டம் ஒன்றுமில்லை, ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

வந்ததும் இன்வேட்டர் முனைகளில் மல்ரிமீற்றரை வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மீற்றர் பூச்சியம் காட்டினால் மின்சாரம் இல்லை என்றும் இருக்கலாம், மீற்றரின் வயர் அறுந்திருக்கிறது என்றும் இருக்கலாம். ஆகவே முதலில் 12 வோல்ட் பற்றரியில் வைத்து மீற்றர் வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு இன்வேட்டரில் அளந்து, மறுபடி 12 வோல்ட் பற்றரியில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றும் சரியாக வந்தால்தான் அந்தப் பூச்சியத்தை நம்பலாம். மீற்றர் 1000 வோல்ட் தாங்குவதாக இருக்க வேண்டும். நடைபாதையில் விற்கும் மஞ்சள் மீற்றர்களை இதற்குக் கொண்டுவர வேண்டாம்.

பெட்டி சுமார் 40 கிலோ. ஒருவர் தூக்கலாம், ஆனால் தூக்கக் கூடாது. விளிம்பில் தகரம், குனிந்த முதுகு, குறுகிய டிக்கி. இரண்டாவது ஆள் எப்படியும் பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும், தூக்குவதற்கு மட்டுமில்லை. அடிபட்டவரைக் கையால் பிடித்து இழுக்கக் கூடாது, காய்ந்த மரத்தடியால் விலக்க வேண்டும், 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும் என்பதெல்லாம் தெரிந்த ஒருவராக அவர் இருக்க வேண்டும்.

பொடியைத் தொட்டால் அடிக்குமா

சாதாரணக் காரில் 12 வோல்ட்டின் நெகட்டிவ், பொடியோடு இணைந்திருக்கும். ஹைபிரிட்டின் உயர் அழுத்தச் சுற்று அப்படியில்லை. அதன் பிளஸ், மைனஸ் இரண்டுமே பொடியோடு சேராமல் ஆரஞ்சு வயருக்குள் தனியாக ஓடுகின்றன. இதனால் ஒரு பெரிய நன்மை: தற்செயலாக ஒரு முனையை மட்டும் தொட்டபடி, மறு கை பொடியில் இருந்தாலும் சுற்று முடிவதில்லை, அடிபடுவதில்லை. இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் தொட்டால்தான் ஆபத்து. நீண்ட காலம் ஹைபிரிட் திருத்திய சிலர் "எனக்கு ஒருநாளும் அடித்ததில்லை" என்று தைரியமாகச் சொல்வது இந்த அமைப்பின் புண்ணியத்தால்தான்.

ஆனால் அந்தப் புண்ணியம் பற்றரி நன்றாக இருக்கும்வரைதான். மொடியூலுக்குள் இருப்பது பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல், கடுமையான காரம். வயதான மொடியூலின் முனையைச் சுற்றியுள்ள அடைப்பு தளர்ந்து அந்தக் கரைசல் கசிந்தால், அது வழிந்துபோய்ப் பெட்டியின் தகரத்தில் படியும். காரக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். அந்தக் கணத்திலிருந்து மொடியூல் சங்கிலியின் ஏதோ ஒரு புள்ளி பொடியோடு சேர்ந்துவிட்டது. இப்போது ஒரு கை தகரத்தில், மறு கை ஒரே ஒரு முனையில் பட்டாலும் சுற்று முடிந்துவிடும். காரின் கணினி இதைக் கண்டுபிடித்து பி0ஏஏ6 என்ற கோடைப் போடும்.

இதில் உள்ள விபரீதம் என்னவென்றால், திறந்து பார்க்க வேண்டிய நிலைக்கு வருகிற பெட்டிகளில்தான் இந்தக் கசிவும் இருக்கச் சாத்தியம் அதிகம். நல்ல பற்றரி தருகிற பாதுகாப்பை நம்பிப் பழகிய கை, கெட்ட பற்றரியிடம் போகிறது. அதனால் பி0ஏஏ6 வந்த காரைத் தனி வகையாக நடத்துவதே சரி என்பது என் கருத்து. கையுறையோடு கண்ணாடியும் முகக்காப்பும் போட வேண்டும். பெட்டியின் மூடியைத் திறந்ததும் முனைகளுக்கும் தகரத்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் இருக்கிறது என்று அளந்துவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும். கசிந்த இடத்தைப் போரிக் அமிலக் கரைசலாலோ வினாகிரியாலோ நடுநிலைப்படுத்தலாம். கண்ணில் பட்டால் அதையெல்லாம் தேடிக்கொண்டிருக்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவியபடியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூடியைத் திறந்த பிறகு

பெட்டி இப்போது கராஜ் மேசையில். காரில் மின்சாரம் இல்லை. பெட்டியில்? சங்கிலி இரண்டாக அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். பிரியஸில் பெரிய துண்டில் நூறு வோல்ட்டுக்குக் குறையாது. இதை ஓஃப் செய்ய ஒரு சுவிட்சும் கிடையாது.

மொடியூல்கள் ஒன்றுக்கொன்று தலைமாறி அடுக்கப்பட்டிருக்கும். ஒன்றின் பிளஸ் இந்தப் பக்கம் என்றால் அடுத்ததின் பிளஸ் அந்தப் பக்கம். இரண்டு பக்கத்திலும் செம்புப் பட்டைகள், பஸ்பார்கள், அடுத்தடுத்த முனைகளை இணைக்கின்றன. இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் ஒரு நல்ல செய்தி கிடைக்கும்: ஒரு பக்கத்துப் பஸ்பார்ச் சட்டத்தை முழுவதும் கழற்றிவிட்டால் மிஞ்சுவது இரண்டிரண்டு மொடியூல் சோடிகள் மட்டுமே. ஒரு சோடியில் ஏறத்தாழ 16 வோல்ட். அதற்குப் பிறகு உயிருக்கு ஆபத்தான அழுத்தம் பெட்டியில் எங்குமே இல்லை. அதாவது மூடியைத் திறந்ததிலிருந்து முதல் சட்டம் வெளியே வரும்வரை உள்ள நேரம்தான் மிக மோசமானது. அந்த நேரத்தில் கையுறை கழற்றக் கூடாது, தொலைபேசி எடுக்கக் கூடாது, பேச்சுக்கொடுக்க வருகிறவரை வாசலிலேயே நிறுத்த வேண்டும். ஸ்பனரின் தலையைத் தவிர மற்ற இடமெல்லாம் காப்பு உறை போட்டிருக்க வேண்டும்.

16 வோல்ட் ஆளைக் கொல்லாது என்றாலும் சும்மா விடாது. இந்த மொடியூல்கள் நூறு அம்பியருக்கு மேல் பாய்ச்சக்கூடியவை. முனைகளுக்கு நடுவே ஒரு மோதிரம் குறுக்கே விழுந்தால் அது விரலோடு சேர்ந்து பழுக்கும். முன்பே கழற்றச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

மொடியூல்களைப் பிரிப்பதற்கு முன் மார்க்கரால் இலக்கமிட்டுப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு அழுத்தத்தில் இருந்து விடுபட்ட மொடியூலைத் தனியாகச் சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே வாயு அழுத்தம் ஏறி பிளாஸ்டிக் பக்கங்கள் ஊதிவிடும். ஊதியது திரும்பப் பழைய இடத்தில் உட்காராது. பலகைகளுக்கு நடுவே இறுக்கி வைத்துத்தான் சார்ஜ்.

சில பெட்டிகளில் மொடியூலில் ஒரு குற்றமும் இருக்காது. பஸ்பார்களில் பச்சை பிடித்து, அல்லது அவற்றோடு வரும் மெல்லிய அளவீட்டு வயரின் முனை அரித்து, கணினிக்குப் பொய்யான வோல்ட் போயிருக்கும். நம் கரையோர ஊர்களின் உப்புக்காற்றுக்கு இது புதிதில்லை. ஆகவே மொடியூல் வாங்க ஓடுவதற்கு முன் பஸ்பார்களை நன்றாகப் பார்க்க வேண்டும்.

மொடியூலைச் சோதிக்க வோல்ட் மட்டும் போதாது. ஓய்வில் எல்லாமே அழகாக 7.8, 7.9 என்று காட்டும். ஒரு கார் ஹெட்லைட் பல்பை இணைத்து இரண்டு நிமிடம் எரியவிட்டால் எது விழுகிறது என்று தெரியும். விழுந்ததை மாற்றலாம். ஆனால் புத்தம்புது மொடியூலைக் கிழட்டுக் கூட்டத்தில் சேர்த்தால் கொள்ளளவு ஒத்துப்போகாது. ஒன்றை மாற்றி மூன்று மாதத்தில் அடுத்தது, பிறகு இன்னொன்று என்று பெட்டியைத் திறந்தபடியே இருக்க வேண்டி வரும். ஒத்த வயதும் ஒத்த கொள்ளளவும் உள்ளதைத் தேடிப் போடுவதுதான் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

இங்கே சொல்வது நிக்கல் பற்றரிக்கு மட்டும். ஹொண்டா வெசல், மூன்றாம் தலைமுறை ஃபிட் போன்றவற்றில் இருப்பது லித்தியம் அயன், 173 வோல்ட். அதைப் பல்பு போட்டுச் சோதிப்பது, பலகைக்குள் இறுக்கிச் சார்ஜ் செய்வது எல்லாம் வீட்டுக்குள் நெருப்பு வைக்கிற வேலை.

திரும்பப் பூட்டுதல்

கழற்றும்போது பயத்தில் கவனமாக இருக்கிறோம். பூட்டும்போது களைத்திருக்கிறோம். பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் விளைகின்றன.

ஒரே ஒரு மொடியூலைத் தலைமாற்றி வைத்துவிட்டுப் பஸ்பாரை இறுக்கினால், அந்தச் சோடியை அளக்கும் கணினிக்குத் தவறான வோல்ட் போகும், கணினி கெட்டுப்போகவும் கூடும். ஆகவே பஸ்பார் போடுவதற்கு முன் ஒரு பக்கம் முழுவதும் பிளஸ், மைனஸ், பிளஸ், மைனஸ் என்று மாறி மாறி வருகிறதா என மீற்றரால் பார்த்துவிட வேண்டும். எல்லா மொடியூலும் ஏறத்தாழ ஒரே சார்ஜில் இருக்கவும் வேண்டும். இதற்காகச் சிலர் எல்லாவற்றையும் சமாந்தரமாக இணைத்து ஒருநாள் வைத்திருப்பார்கள். மொடியூல்களுக்கு அடியில் செருகும் வெப்பமானிகளையும், மேலே போகும் வாயுக் குழாயையும் மறந்துவிட்டுப் பூட்டினால், முதலாவது உடனே கோட் போடும், இரண்டாவது ஒன்றும் சொல்லாமல் ஐதரசனைக் காருக்குள் விடும்.

பஸ்பார் நட்டுக்கு ரொயோட்டா சொல்லும் இறுக்கம் 5.4 நியூட்டன் மீற்றர். அதே காரின் சக்கர நட்டுக்கு 103. கை உணர்வை வைத்து இறுக்குகிற மெக்கானிக்கின் கை, சக்கரத்துக்குப் பழகியது. கொஞ்சம் கூடினால் முனை முறியும், அல்லது அதன் அடைப்பு நெகிழ்ந்து நாளைக்குக் கசியும். குறைந்தால் அந்த இடம் சூடேறிக் கருகும். சிறிய அளவு காட்டும் ரோர்க் ரென்ச் இல்லாமல் இந்த வேலையை எடுக்காமல் இருப்பதே நல்லது. முதல் சட்டத்தில் கையுறை இல்லாமல் வேலை செய்யலாம். இரண்டாவது சட்டத்தை வைக்கத் தொடங்கும்போது சங்கிலி மறுபடி முழு வோல்ட்டுக்கு ஏறுகிறது. பிரிக்கும்போது இருந்த அதே மோசமான நேரம், தலைகீழாக.

காருக்குள் வைத்து, ஆரஞ்சு வயர்கள், கணினி இணைப்பிகள், மூடிகள் எல்லாம் பூட்டிய பிறகு சேவிஸ் பிளக். 12 வோல்ட் நெகட்டிவ் எல்லாவற்றுக்கும் கடைசி. இரண்டாம் தலைமுறைப் பிரியஸின் பிளக் கைப்பிடியை உள்ளே தள்ளி, நிமிர்த்தி, பிறகு நகர்த்திப் பூட்ட வேண்டும். அந்த மூன்றாவது அசைவை விட்டுவிட்டால் கார் ஓடத் தயாரான ரெடி நிலைக்கு வராது, உயர் அழுத்த இணைப்பு சரியாகப் பூட்டப்படவில்லை என்று சொல்லும் பி0ஏ0டி என்ற இன்டர்லொக் கோட் வரும். இன்வேட்டர் போய்விட்டது என்று பயந்து காரை ஏற்றிக்கொண்டு போய், ஒரு விரலால் தள்ளியதும் சரியாகித் திரும்பிய கதைகள் நிறைய.

ரெடி விளக்கு வந்ததும் வேலை முடிந்ததென்று மூடிவிட வேண்டாம். ஸ்கேனரில் பிரியஸின் 14 சோடிகளின் வோல்ட்டையும் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ஏற்றத்தில் அழுத்தி ஓட்டிப் பாருங்கள். ஒரு செல் 1.2 வோல்ட் என்பதால், ஒரு சோடி மட்டும் மற்றவற்றிலிருந்து ஒரு வோல்ட்டுக்கு மேல் விலகி விழுந்தால், உள்ளே ஒரு செல் போய்விட்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

பின்சீட்டுப் பக்கம் இருக்கும், பற்றரியைக் குளிர்விக்கும் காற்று வாயையும் அதன் முடிவில் உள்ள விசிறியையும் அன்றைக்கே கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள். நாய் முடி, சீட்டுப் பஞ்சு, செம்மண் தூசி எல்லாம் கலந்து விசிறி இதழ்களில் கம்பளிபோல ஒட்டியிருக்கும். காற்று குறைந்தால் அதிகம் சூடாவது பெட்டியின் நடுவில் இருக்கும் மொடியூல்கள். போன தடவை செத்தவற்றின் இலக்கத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அவை அந்த நடுப்பகுதியில்தான் இருக்கும்.